தன்மையணியின் மெட்டு: நா. முத்துக்குமாரின் பாட்டுலகம்

மின்கிதாரின் அடர்ந்த ஒலி, ஒருமுறை கேட்டாலே நாவில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு, மூன்று நான்கு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் கட்டுக்கோப்பு ஆகிய மூன்றும் கூடிய பாட்டு வகையை மேலை இசையுலகம் 'பவர் பாப்' என்று வழங்குகிறது. 'தி ஹூ' என்னும் இங்கிலாந்துக் குழுவின் கிதார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் 1967இல் தம் குழுவின் இசையைக் குறிக்க இச்சொல்லைக் கையாண்டார். 1972இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து 'பிக் ஸ்டார்' குழுவின் பாடல்கள் இவ்வகைக்கு இலக்கணம் போலப் பிற்காலத்தாரால் கொள்ளப்பட்டன. இப்பாடல்களில் ஒலி உரத்தது. ஆனால் அவ்வொலிக்குள் நிகழும் பேச்சு தணிந்தது. பள்ளிப் பருவத்து நட்பு, சொல்லாமல் விட்ட காதல், மாலை நேரத்துத் தெரு, தன்னை யாரும் பொருட்படுத்தவில்லை என்ற இளைஞனின் குமைச்சல் ஆகியவையே அவற்றின் பாடுபொருள். உரத்த ஒலியும் தணிந்த பேச்சுமாகிய இந்த முரண் 2000க்குப் பிந்தைய தமிழ்த் திரைப்பாட்டில் வேரூன்றியபோது, அதற்கு வேண்டிய தமிழை அளித்தவர்களுள் முதன்மையானவர் காஞ்சிபுரத்து நா. முத்துக்குமார் (1975–2016).

இவரைப் பவர் பாப் பாட்டாளர் என்று நேரடியாகச் சொல்வது பொருந்தாது. மேலை நாட்டு வழக்கில் பாட்டாளர் என்பவர் மெட்டையும் சொல்லையும் தாமே கட்டி, பெரும்பாலும் தாமே பாடியும் விடுகிறார். தமிழ்த் திரையிலோ மெட்டமைப்பவர், எழுதுபவர், பாடுபவர் என மூவர் வேண்டும். பேசும்படம் வந்த தொடக்கக் காலத்தில் பாபநாசம் சிவன் மெட்டையும் சாகித்தியத்தையும் சேர்த்தே அளித்தார். பின்னர் உடுமலை நாராயண கவி, மருதகாசி, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கண்ணதாசன், வாலி, வைரமுத்து என்று நீளும் வரிசையில் 'பாடலாசிரியர்' என்பது சொல்லை மட்டும் ஆளும் தனித் தொழிலாயிற்று. சிறந்த பாடல் வரிகளுக்கான தேசிய விருது முதன்முதலில் 1968ஆம் ஆண்டுக்கு 'குழந்தைக்காக' படப் பாடலை எழுதிய கண்ணதாசனுக்கே வழங்கப்பட்டது என்பது அத்தொழிலின் மதிப்புக்குச் சான்று. எனவே முத்துக்குமாரின் வாழ்வை ஆராய்வது, பிறர் கட்டிய மெட்டுக்குள் நின்றுகொண்டு தமக்கென ஒரு குரலை ஒருவர் எவ்வாறு உண்டாக்கினார் என்று ஆராய்வதேயாகும்.

செங்கல்பட்டிலிருந்து பாலூர், பழைய சீவரம், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் செல்லும் இருப்புப்பாதை, பாலாற்றை ஒட்டி, ஏரிகளையும் நெல்வயல்களையும் நெசவுக் குடியிருப்புகளையும் மாறிமாறிக் கடந்து போகிறது. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய வாலாஜாபாத் ஒருகாலத்தில் கிழக்கிந்தியக் கும்பினியின் படைமுகாமாக இருந்த ஊர். அதற்கும் காஞ்சிக்கும் இடையில் ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற நெசவூர்கள் உள்ளன. பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற இவ்வட்டாரத்தின் மறுபாதி, நகரத்தின் விளிம்பில் கிணறும் வேப்பமரமும் ஓட்டுவீடுமாக விரியும் எளிய கிராமப்புறம். காஞ்சிபுரத்தை அடுத்த கன்னிகாபுரத்தில் 1975 ஜூலை 12 அன்று பிறந்த முத்துக்குமாரின் எழுத்து, கோபுரங்களையும் பட்டுக்கடைகளையும் காட்டிலும் இந்த மறுபாதிக்கே கடன்பட்டது. பட்டு நகரத்தைத் தலைப்பிலேயே ஏற்றி 'சில்க் சிட்டி' என்றொரு நாவலை அவர் எழுதினார் என்றபோதிலும், கவிதைகளிலும் கட்டுரைகளிலும் அவர் மீண்டும் மீண்டும் திரும்பும் இடம் வீட்டு முற்றம்தான்.

அந்த வீட்டைப் பற்றி அறியத்தக்க இரண்டு செய்திகள் அவருடைய எழுத்து முழுவதற்கும் அடிநிலமாகின்றன. ஒன்று, தந்தை நாகராசன் பள்ளி ஆசிரியர். புத்தகங்களை வாங்கிக் குவித்து, மகனையும் படிக்கப் பழக்கியவர். மற்றொன்று, முத்துக்குமார் தம் ஆறாம் வயதில் தாயை இழந்தார். பிற்காலத்தில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய உறவுகள் பற்றிய கட்டுரைகளுக்கு அவர் 'அணிலாடும் முன்றில்' என்று பெயரிட்டது தற்செயலன்று. குறுந்தொகையின் 41ஆம் பாட்டில், தலைவன் பிரிந்தபோது தன் நிலை, மக்கள் விட்டு நீங்கிய வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுவது போன்ற வெறுமை உடையது என்கிறாள் தலைவி. அதைப் பாடிய புலவரின் இயற்பெயர் தெரியாது போனதால் அவ்வுவமையைக் கொண்டே 'அணிலாடு முன்றிலார்' என்று அவரைத் தொகுத்தோர் குறித்தனர். காதற் பிரிவின் உவமையாக இருந்ததைப் பிள்ளைப் பருவத்து வீட்டின் பெயராக மாற்றியதில், தாயில்லாத வீட்டின் வெறுமையும் அங்கும் ஏதோ ஒன்று துள்ளிக்கொண்டிருக்கிறது என்ற ஆறுதலும் சேர்ந்தே அமைந்துவிட்டன.

காஞ்சிபுரத்துப் பச்சையப்பன் கல்லூரியில் இயற்பியல் இளங்கலை பயின்ற முத்துக்குமார், சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் முதுகலைக்கு மாறினார். இயற்பியலின் தடம் 'நியூட்டனின் மூன்றாம் விதி' என்ற கவிதைத் தொகுப்பின் பெயரில் தங்கிற்று. சென்னைக் கல்லூரியின் தடம் 'பச்சையப்பனிலிருந்து ஒரு தமிழ் வணக்கம்' என்ற நூற்பெயரில் தங்கிற்று. பாடலாசிரியராவது அவருடைய முதல் நோக்கமன்று. திரைப்படம் இயக்க விரும்பியே அவர் பாலு மகேந்திராவிடம் நான்காண்டுகள் உதவியாளராக இருந்தார். சொல்லால் விளக்காமல் பொருளையும் வெளிச்சத்தையும் காட்டிக் கதை நகர்த்தும் அந்த இயக்குநரின் பள்ளியில் பெற்ற பயிற்சி, பின்னர் அவர் பாட்டெழுதிய முறையில் தெளிவாகத் தென்படுகிறது: அவருடைய நல்ல பாடல்களில் உணர்ச்சியின் பெயர் குறைவு, பொருள்களின் பெயர் மிகுதி.

கவிஞராக அவரைப் பரவலாக அறியச் செய்தது 'தூர்' என்ற சிறு கவிதை. எழுத்தாளர் சுஜாதா அதை எடுத்துப் பாராட்டியதால் அது சிற்றிதழ் வட்டத்தைத் தாண்டிப் போயிற்று. ஆண்டுதோறும் வீட்டுக் கிணற்றைத் தூர் வாரும் நாள் பிள்ளைகளுக்குத் திருவிழா; தொலைந்து போனதாக எண்ணிய சிறு சிறு வீட்டுப் பொருள்கள் சேற்றோடு மேலே வரும். இதை வரிசையாகச் சொல்லிவந்து, அம்மாவின் மனத்துக்குள் இறங்கிப் பார்க்க அப்பாவுக்குக் கடைசிவரை தோன்றவில்லை என்ற இடத்தில் கவிதை நின்றுவிடுகிறது. இதில் உவமை உருபு இல்லை. கிணறு போன்றது மனம் என்று கவிஞர் எங்கும் கூறவில்லை. கிணற்றை உள்ளவாறே காட்டியதால் மட்டுமே மனம் கிணறாகிறது. பின்னர் எழுதிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரைப்பாடல்களில் எவை நிலைக்கும், எவை நிலையா என்பதை அளக்க இக்கவிதையே போதிய அளவுகோல்.

சீமான் இயக்கிய 'வீரநடை' படத்தின் வழியே அவர் பாடலாசிரியரானார். இத்தொழிலின் செய்முறையைச் சற்று நெருங்கிப் பார்க்காமல் அவருடைய திறனை மதிப்பிட இயலாது. இசையமைப்பாளர் மெட்டைச் சொல்லில்லாமல் 'தன னானா' என்ற தத்தகாரமாகவோ, பொருளற்ற இடைக்காலச் சொற்களை இட்டோ பாடிப் பதிவு செய்து தருகிறார். திரையுலகில் இதற்கு 'டம்மி' என்று பெயர். இயக்குநர் காட்சியைச் சொல்கிறார். இவ்விரண்டுக்கும் இடையே, அசை ஒன்றும் மிகாமல் ஒன்றும் குறையாமல், வேண்டிய இடத்தில் வேண்டிய நீளத்தோடு சொற்களை நிரப்ப வேண்டும். மெட்டு 'தனனா தானா' என்று அமைந்தால் அதில் 'குளிரே வாடா' என்று எழுதலாம். 'வாடையே போடா' என்று எழுத முடியாது. 'குளிரே', 'வாடையே' இரண்டும் மூன்றெழுத்துச் சொற்கள்தாம். ஆயினும் யாப்பிலக்கணப்படி முன்னது நிரையசையும் நேரசையும் சேர்ந்த புளிமா. பின்னது நேரும் நிரையும் சேர்ந்த கூவிளம். கூவிளத்தைப் புளிமாவின் இடத்தில் வைத்தால் பாடகர் முதல் எழுத்தில் நீண்டு, தாளத்தைப் பிடிக்க அடுத்த எழுத்தை விழுங்க நேரும். யாப்பை உதறிவிட்டு வந்ததாகக் கருதப்படும் புதுக்கவிதைத் தலைமுறையினர், திரைப்பாட்டில் நுழைந்ததும் வெண்பாப் புலவரைப் போல் அசை எண்ணத் தொடங்கியது தமிழ்ச் செய்யுள் வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

இன்னொரு கட்டுப்பாடு ஓசையின் முடிவிடம் பற்றியது. பாப் பாட்டில் கேட்போரைப் பிடித்து நிறுத்தும் சிறு இசைத்தொடர், பல்லவியின் இறுதியில் ஒரு நெடிய சுரத்தில் சென்று நிற்பது வழக்கம். அச்சுரத்தின் கீழ் வல்லினமெய்யோ லகர மெய்யோ வந்தால் குரல் அடைபடும். வாய் திறந்து ஒலிக்கும் ஆகாரமோ ஏகாரமோ வேண்டும். தமிழுக்கு இங்கே ஓர் இயல்பான வசதி உண்டு: விளியாகவும் தேற்றமாகவும் எந்தச் சொல்லின் முடிவிலும் ஏகாரம் வந்து ஒட்டிக்கொள்ளும். வசந்தபாலன் இயக்கிய 'வெயில்' (2006) படத்தில், அப்போதுதான் இசையமைப்பாளராக அறிமுகமான ஜி. வி. பிரகாஷ்குமாரின் மெட்டுக்கு முத்துக்குமார் எழுதிய 'உருகுதே மருகுதே' என்ற பாடலின் பெயரிலேயே இந்நுட்பம் தெரிகிறது. இரண்டு சொற்களும் நிரை நிரையாக நடக்கும் கருவிளங்கள். இரண்டும் ஏகாரத்தில் திறந்து முடிகின்றன. இரண்டும் வீட்டுப் பேச்சில் உள்ளவை. எதுகைக்காக அகராதியைத் தேடிய தடயம் இல்லை.

அவருடைய தொழில்வாழ்வின் திருப்பம் யுவன் சங்கர் ராஜாவுடனும் இயக்குநர் செல்வராகவனுடனும் அமைந்த கூட்டணி. 'காதல் கொண்டேன்' (2003), '7ஜி ரெயின்போ காலனி' (2004), 'புதுப்பேட்டை' (2006) என்ற வரிசையில் நடுவிலுள்ள படமே இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருக்கமானது. யுவனின் இசையை ஒரே வகைக்குள் அடைக்க முடியாது. ஹிப் ஹாப்பும் நாட்டார் தாளமும் மேலை நரம்பிசைத் தொகுதியும் அதில் உண்டு. ஆயினும் '7ஜி' பாடல்களில் கிதாரின் தொடர் மீட்டலும் டிரம்ஸின் நேரான நடையும் எளிதில் பாடத்தக்க பல்லவியும் சேர்ந்து, பவர் பாப் என்ற சொல்லை அறியாத தமிழ் இளைஞருக்கு அதன் சுவையைக் காட்டின. கதைத்தலைவன் படிப்பிலும் தோற்று, தந்தையின் ஏச்சுக்கும் ஆளாகி, அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் நின்றுகொண்டிருக்கும் நடுத்தர வர்க்கத்துப் பையன். காவியத் தலைவனுக்குரிய உயர்மொழியை அவன் வாயில் வைத்தால் நகைப்புக்கிடமாகும். வெறும் கொச்சையை வைத்தால் பாட்டாகாது. இரண்டுக்கும் நடுவே, கல்லூரி மாணவன் நாட்குறிப்பில் எழுதும் தமிழ் என்று சொல்லத்தக்க ஒரு நடையை முத்துக்குமார் கண்டுபிடித்தார். இலக்கணப் பிழையற்ற எழுத்துத் தமிழ், ஆனால் சிறு வாக்கியங்கள். எதிரிலிருப்பவரை நோக்கிய நேர்ப்பேச்சு. தன்னைத்தானே மறுத்துக்கொள்ளும் தயக்கம். 'கண் பேசும் வார்த்தைகள்' என்ற அப்படப் பாடலின் பெயரே பின்னர் அவருடைய கட்டுரை நூல் ஒன்றுக்கும் தலைப்பாயிற்று.

அதே 2004இல் பாலாஜி சக்திவேல் இயக்கிய 'காதல்' வெளிவந்தது. மதுரைத் தெருவில் இருசக்கர வாகனங்களைப் பழுதுபார்க்கும் இளைஞனும் வசதியான வீட்டுப் பள்ளி மாணவியும் கொள்ளும் காதலைச் சொன்ன அப்படத்தின் பாடல்கள், ஜோஷ்வா ஸ்ரீதர் என்ற புதிய இசையமைப்பாளருக்காக எழுதப்பட்டவை. ஒரே ஆண்டில் சென்னைக் குடியிருப்புப் பையனுக்கும் மதுரை மெக்கானிக்குக்கும் பொருந்துகிற மொழி ஒருவரிடமே கிடைத்ததால், அடுத்த பத்தாண்டுகளில் 'கஜினி', 'சிவா மனசுல சக்தி', 'பையா', 'மதராசபட்டினம்', 'தெய்வத்திருமகள்' என்று வகைவகையான படங்கள் அவரைத் தேடி வந்ததில் வியப்பில்லை. 2012இல் 'நீதானே என் பொன்வசந்தம்' படத்தின் பாடல்கள் அனைத்தையும் யுவனின் தந்தை இளையராஜாவின் மெட்டுகளுக்கு எழுதியபோது, தந்தை, மகன் என இரு தலைமுறை இசையமைப்பாளர்களின் சொற்பங்காளியாகவும் ஆனார்.

இந்நடையின் தன்மையை விளக்க மேலை விமர்சனச் சொற்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. காஞ்சிபுரத்திலேயே அதற்குரிய சொல் இருக்கிறது. பல்லவர் காலக் காஞ்சியோடு தொடர்புடையவராகக் கருதப்படும் தண்டி, வடமொழியில் 'காவியாதரிசம்' என்ற அணிநூலை இயற்றினார். அதை முதனூலாகக் கொண்டு தமிழில் எழுந்தது 'தண்டியலங்காரம்'. அந்நூல் பொருளணிகளை வகைப்படுத்தும்போது உவமையையோ உருவகத்தையோ முதலில் வைக்கவில்லை. எவ்வகைப் பொருளையும் அதன் இயல்பு குன்றாமல் உள்ளவாறு சொல்வதாகிய தன்மையணியையே முதலில் வைக்கிறது. தன்மை நவிற்சி என்றும் இதைக் கூறுவர். இதற்கு நேரெதிர், ஒன்றை உலக நடையைக் கடந்து மிகைப்படுத்தும் உயர்வு நவிற்சி. தமிழ்த் திரைக் காதற்பாட்டு நெடுங்காலம் உயர்வு நவிற்சியின் ஆட்சியில் இருந்தது: நிலவு நாணியது, மலர்கள் தோற்றன, தேவலோகம் பொறாமை கொண்டது. முத்துக்குமாரும் அந்த நாணயங்களைச் செலவழித்தவர்தாம். ஆனால் அவருக்கே உரிய இடங்களில் அவர் தன்மையணிக்குத் திரும்பினார்.

'வெயில்' படத்தில் சிறுவர்களின் கோடைப் பொழுதைப் பாடும் பாட்டு ஏறத்தாழ ஒரு பட்டியல் மட்டுமே. கரிசல் மண்ணின் வெக்கையில் ஆடிய ஆட்டங்களும் கையில் கிடைத்த பொருள்களும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவை இனிமையானவை என்று பாட்டு நின்று விளக்குவதில்லை. சென்னை ரங்கநாதன் தெருவின் துணிக்கடை ஊழியர்களைப் பற்றிய 'அங்காடித் தெரு' (2010) படத்தில் அவர் இன்னும் துணிந்து, காதலி அப்படியொன்றும் அழகியல்லள் என்று தொடங்கும் பாட்டை எழுதினார். ஒவ்வோர் அடியிலும் வழக்கமான புகழ்ச்சி ஒன்று மறுக்கப்படுகிறது. மறுத்த கையோடு, அது இல்லாமலே அவள் எப்படி வேண்டியவளாகிறாள் என்பது சொல்லப்படுகிறது. நாள் முழுவதும் நின்றுகொண்டே பட்டும் பருத்தியும் விற்கும் பெண்ணை நிலவென்று பாடுவதில் உள்ள பொய்யை உணர்ந்தவரின் பாட்டு அது. புகழ மறுப்பதே புகழாகும் இந்த உத்தியை நாட்டார் பாடல்களிலும் காணலாம் என்றாலும், திரைப்பாட்டின் பல்லவியிலேயே அதை நிறுத்திய துணிவு பாராட்டத்தக்கது.

காஞ்சிபுரத்தில் பிறந்த எழுத்தாளர் எவராயினும் அவருடைய எழுத்தைத் தறியோடு ஒப்பிட்டுவிடுவது கட்டுரையாளர்களின் சோம்பல் நிறைந்த பழக்கம். முத்துக்குமார் ஆசிரியர் வீட்டுப் பிள்ளை, நெசவாளராக வாழ்ந்தவரல்லர். எனினும், மெட்டையும் சொல்லையும் இணைக்கும் வேலைக்கு அவ்வூர் நெசவில் ஒரு தொழில்நுட்ப இணை இருப்பதைச் சுட்டாமல் விடுவதும் முறையாகாது. காஞ்சிப் பட்டின் சிறப்பு 'கோர்வை' என்ற முறை. சேலையின் உடலுக்கு ஒரு நிறப் பாவும் கரைகளுக்கு வேறு நிறப் பாவும் பூட்டி, உடலுக்கு ஒன்றும் இரு கரைகளுக்கு ஒவ்வொன்றுமாக மூன்று நாடாக்களை ஓட்டி, உடலின் ஊடை கரையின் எல்லைக்கு வந்ததும் கரையின் ஊடையோடு பின்னிக்கொண்டு திரும்பும்படி ஒவ்வோர் இழையிலும் கோப்பர். தறிக்குழியில் கால் மிதிக்கும் நெசவாளர் ஒருவரால் மட்டும் இதைச் செய்ய இயலாது. பக்கத்தில் அமர்ந்து கரையின் நாடாவை எறிய இன்னொருவர் வேண்டும். கோர்வை சரியாக அமைந்தால் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருந்தும் ஒரே துணியாக நிற்கும். பிசகினால் துணி அந்த எல்லையில்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். கிதாரின் உரத்த ஒலியும் முற்றத்துத் தமிழின் தணிந்த பேச்சும் இவருடைய நல்ல பாடல்களில் நிறம் மாறாமலே இணைந்திருப்பது இவ்வகையில்தான். சுமாரான பாடல்கள் பிரிவதும் அந்த எல்லையில்தான்.

சுமாரானவை பல உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஏறத்தாழ பதினாறு ஆண்டுகளில் ஆயிரத்தைக் கடந்த எண்ணிக்கை என்றால், சராசரியாக ஆறு நாளுக்கு ஒரு பாட்டுக்குக் குறையாமல் எழுதியிருக்க வேண்டும். அவ்வேகத்தில் மழை, தேவதை, வானவில், பட்டாம்பூச்சி, கடவுள் ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கிவைத்த சரக்குகளாகிவிட்டன. ஒரு படத்தின் பல்லவியை இன்னொரு படத்துக்கு மாற்றி வைத்தாலும் எவரும் கவனிக்காத நிலை சில ஆண்டுகளில் ஏற்பட்டது. இதை அவருடைய குறையாக மட்டும் கொள்வதும் தவறு. காட்சியைச் சொல்லாமல் மெட்டை மட்டும் அனுப்பி, மறுநாள் ஒலிப்பதிவு என்று நாள் குறிக்கும் தொழிலமைப்பில் தன்மை நவிற்சிக்கு இடமில்லை. உள்ளதை உள்ளவாறு சொல்ல, சொல்வதற்கு ஓர் உள்ளது வேண்டுமே! கதைக்குள் அவருக்கு நிற்க இடம் கொடுத்த செல்வராகவன், வசந்தபாலன், ராம், ஏ. எல். விஜய் போன்ற இயக்குநர்களின் படங்களிலேயே அவருடைய சிறந்த பாடல்கள் குவிந்திருப்பதற்கு இதுவே காரணம்.

இவர்களுள் ராமுடன் அமைந்த உறவு தனித்தது. தமிழ் முதுகலை படித்தவனுக்கு இக்காலப் பொருளியலில் என்ன இடம் என்று சினத்துடன் கேட்ட 'கற்றது தமிழ்' (2007) படத்துக்குப் பாட்டெழுதியவர் தாமே தமிழ் முதுகலைப் பட்டதாரி. திரைப்பாடல்களை ஆராய்ந்து முனைவர் பட்டமும் பெற்றவர். ஆறாண்டுகளுக்குப் பின் வந்த 'தங்க மீன்கள்' (2013) படத்தில், மகளின் பள்ளிக் கட்டணம் கட்டவும் வழியற்ற தந்தைக்காக 'ஆனந்த யாழை' பாடலை எழுதினார். யுவனின் மெட்டில் ஸ்ரீராம் பார்த்தசாரதி பாடிய அப்பாட்டுக்கு 61ஆவது தேசிய விருது கிடைத்தது. தந்தையின் நெஞ்சில் மகள் மீட்டும் கருவியாக முத்துக்குமார் வீணையையோ கிதாரையோ தேர்ந்தெடுக்கவில்லை. வழக்கொழிந்த யாழைத் தேர்ந்தெடுத்தார். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, வறுமையுற்ற பாணன் ஒருவனைப் பேரியாழோடு காஞ்சிக்கு, தொண்டைமான் இளந்திரையனிடம், வழிப்படுத்துகிற பாட்டு என்பதை இங்கே நினைப்பது மிகையாகாது. வறியவன் கையில் யாழ் என்ற பழம்படிமம் அவ்வூர்க்காரர் ஒருவரின் பேனாவில் வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது. அது அறிந்து வந்ததா, அறியாமல் வந்ததா என்பது இரண்டாம் நிலைக் கேள்வி. அடுத்த ஆண்டே ஏ. எல். விஜயின் 'சைவம்' (2014) படத்தில் ஜி. வி. பிரகாஷ்குமார் இசையில் எழுதிய 'அழகே' பாட்டு அவருக்கு 62ஆவது தேசிய விருதையும், அதைப் பாடிய சிறுமி உத்தரா உன்னிகிருஷ்ணனுக்குச் சிறந்த பாடகி விருதையும் பெற்றுத் தந்தது. இரண்டு விருதுப் பாடல்களுமே காதற்பாட்டுகள் அல்ல என்பதும், ஒன்றில் தந்தையும் மற்றொன்றில் குழந்தையும் நடுவிடம் பெறுகின்றனர் என்பதும், ஹைக்கூத் தொகுப்புக்குக்கூட 'குழந்தைகள் நிறைந்த வீடு' என்று பெயரிட்ட கவிஞருக்கு இயல்பானவையே.

2016 ஆகஸ்ட் 14 அன்று, மஞ்சள்காமாலையால் உடல் நலிந்து, தம் 41ஆம் வயதில் அவர் சென்னையில் காலமானார். இயக்குநராக வேண்டும் என்று தொடங்கியவர் ஒரு படத்தையும் இயக்கவில்லை. 29 வயதில் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தோடு அவரை ஒப்பிடும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது. மரண வயதை ஒட்டிய ஒப்பீடு இலக்கிய மதிப்பீட்டுக்கு அதிகம் உதவாது. அதைவிடப் பயனுள்ள ஒப்பீடு உரிமை பற்றியது. காஞ்சிப் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊரின் பெயரைக் காக்கிறது. ஆனால் சேலையின் உருவை வரைகோட்டுத் தாளில் கட்டம் கட்டமாக இட்டவர் பெயரோ, அதற்கேற்ப ஜக்கார்டு அட்டையில் துளையிட்டவர் பெயரோ, கோர்வை கோத்த இருவர் பெயரோ எந்தச் சேலையிலும் இல்லை. பாடலாசிரியரின் நிலையும் நெடுங்காலம் இதற்கு வெகு தொலைவில் இல்லை: இசைத்தட்டில் பெயர் உண்டு, ஒருமுறை கொடுக்கும் ஊதியம் உண்டு, அதன்பின் பாட்டு தயாரிப்பாளரின் அல்லது இசை நிறுவனத்தின் சொத்து. 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் இதை மாற்றியது. படத்தில் இடம்பெற்ற பாடல் திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது கிடைக்கும் உரிமத்தொகையில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கு உண்டு என்றும், அப்பங்கை வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறெவருக்கும் அவர்கள் எழுதிக் கொடுக்க முடியாது என்றும் அது வரையறுத்தது. அத்தொகையைத் திரட்டிப் பங்கிடும் இந்திய இசை உரிமைச் சங்கம் திருத்தச் சட்டத்தின்படி மீண்டும் பதிவுபெற்றது 2017 நவம்பரில்தான். முத்துக்குமார் மறைந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அவர் எழுதி வைத்த பாடல்களோடு ராமின் 'தரமணி' திரைக்கு வந்ததும் அதே ஆண்டில். எழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் என்ற இந்தியச் சட்டக் கணக்கின்படி, கன்னிகாபுரத்து முற்றத்திலிருந்து வந்த அந்தச் சொற்களின் உரிமை 2076ஆம் ஆண்டின் இறுதி நாள் வரை நீடிக்கும்.